மதினியின் ‘ஆனா’

என் மதினி எந்தப் பொருளையும் ‘நல்லாருக்கு’ என்று சொல்லி அதோடு நிறுத்தியதில்லை. நல்லாருக்கு என்பார். ஒரு மூச்சு விடுவார். நாம் சந்தோஷப்பட்டுக்கொள்ள அவர் தரும் அவகாசம் அந்த ஒரு மூச்சுதான். அடுத்து ‘ஆனா’ வந்துவிடும்.

என் அண்ணனைக்கூட அவர் இப்படித்தான் கட்டிக்கொண்டார். பெண் பார்க்கப் போனபோது நானும் அரைக்கால் சட்டையோடு கூடப் போயிருந்தேன். கேசரி சாப்பிடும் ஆசை தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. எங்கள் அப்பா, “மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கா தாயி?” என்று பேச்சுக்குக் கேட்டார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓட வேண்டிய கேள்வி அது. மதினி ஓடவில்லை.

“ஆளு நல்லாத்தான் இருக்காக. ஆனா நிக்கும்போது எடது தோளு எறங்குது. தறியில ரொம்ப நேரம் நிக்காகளோ என்னவோ.”

கூடம் முழுக்கச் சிரித்தது. எங்கள் வீட்டில் அப்போதே நாலு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பொழுதெல்லாம் அதற்கு முன்னால்தான் நிற்பார். பார்க்காமலே தறியைக் கண்டுபிடித்துவிட்ட பெண்ணை அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அண்ணனுக்குத்தான் பாவம், அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும் பழக்கம் வந்துவிட்டது.

மதினியின் அப்பா நரிக்குடிப் பக்கத்தில் மாட்டுத் தரகர். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்துக் கிடக்கும் இடங்களைப் பார்த்து, இது வீட்டுக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்வார்கள். ராஜசுழி என்றால் கேட்காமல் கயிற்றைப் பிடிக்கலாம். பாடைச்சுழி என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். சுழி பார்க்காமல் எங்கள் பக்கம் யாரும் மாடு வாங்கியதில்லை. மற்றத் தரகர்கள் கெட்ட சுழியை மஞ்சள் பூசியோ மணிக்கயிறு கட்டியோ மறைப்பார்களாம். இவர் முதலில் அதைத்தான் தொட்டுக் காட்டுவாராம்.

“நெசமாவே சுழில எல்லாம் இருக்கா மதினி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“என்ன இருக்கு, மயிரு சுத்திக் கெடக்கு. ஆனா வாங்குறவுக பாக்காகள்ல? பாக்குறவுககிட்ட சொல்லித்தான ஆகணும். மறைச்சு வித்த மாட்ட அடுத்த சந்தையில பாத்தா அது மொகத்த ஏறிட்டுப் பாக்க முடியாதுன்னு எங்கய்யா சொல்லுவாக.”

அந்த வீட்டில் வளர்ந்தவர் அருப்புக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். இங்கே பார்ப்பதற்கு மாடு இல்லை. அதனால் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சுழி பார்க்க ஆரம்பித்தார். பக்கத்துத் தெருவில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சக் கூப்பிட்டால், “வீடு லட்சணமா இருக்கு. ஆனா அடுப்படியில நின்னா வாசல்ல யாரு வாராகன்னு தெரியலியே” என்பார். திருச்சுழி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், “வேகமாத்தான் போறான். ஆனா நிப்பாட்டத் தெரியல” என்று டிரைவரின் முதுகுக்குக் கேட்கும்படி சொல்வார். எதிர்வீட்டு சரசக்கா ஆசையாக எடுத்துவந்து காட்டிய பட்டுச்சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “நெறம் அருமையா இருக்கு. ஆனா ஒங்களுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டார். சரசக்கா பொங்கல் வரைக்கும் எங்கள் வாசல் பக்கம் திரும்பவில்லை. பொங்கல் முடிந்து அவர்கள் வீட்டில் கிரைண்டர் வாங்கக் கிளம்பியபோது, வந்து நின்று முதலில் கூப்பிட்டது மதினியைத்தான். தெருக்காரர்கள் அவரைத் திட்டிக்கொண்டே கூட்டிப்போவார்கள். கடைக்காரர்கள் மதினியைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அண்ணன் மட்டும், “ஒனக்கு வாயில ஆனா மொளைச்சிருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சோற்றில் கை வைத்ததும், “கொழம்பு நல்லாருக்கு. ஆனா புளி முந்திக்கிட்டு நிக்கி” என்று சமைத்தவரே சொன்னால் சாப்பிடுகிறவருக்கு எப்படி இறங்கும்? எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். கொழுந்தனுக்கு என்ன, சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவன்தானே.

நான் அப்போது ஒரு நூல் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். காதுகுத்து, சடங்கு வீடு, வளைகாப்பு என்று படம் எடுத்துப் பிழைக்கலாமே என்று ஒரு நினைப்பு வெகுநாளாக இருந்தது. மதுரையில் ஒரு போட்டோகிராபரிடமிருந்து அவர் பழகி முடித்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை வாங்கிவந்தேன். நடுத்தரமான கேமரா. விளையாட்டுக்கு வாங்கும் சின்னதும் இல்லை, பெரிய கல்யாணங்களுக்கு வருகிறவர்கள் தோளில் தொங்கவிட்டிருக்கும் பெரியதும் இல்லை. வாங்குவதற்கு முன் இண்டர்நெட்டில் அதைப் பற்றி எழுதியிருந்த நிறைகுறைகளை எல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன். ஆனாலும் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது பரீட்சை எழுதப் போகிறவன்போலத்தான் இருந்தேன்.

“வாங்கிட்டு வந்துட்டீங்களா கொழுந்தனாரே. குடுங்க பாப்போம்.”

“மதினி, இதோட நிறை குறை எல்லாம் இண்டர்நெட்டுலயே போட்டிருக்கான்.”

“யாரு போட்டது? விக்கிறவுகளா, வாங்குனவுகளா?”

கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், கவிழ்த்து அடிவயிற்றைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ரப்பர் மூடியைத் திறந்து மூடினார். “பிடி நல்லா வாகா இருக்கு. கையவிட்டு நழுவாது. ஆனா இந்த மூடி லொடலொடங்குது. நம்ம வீட்டுப் பஞ்சுத் தூசி உள்ள போயிரும்” என்றார். மூடி வழியாகவோ லென்ஸைக் கழற்றி மாட்டும்போதோ, சொன்னபடியே ஒரு வருஷத்தில் தூசி போனது. வெறும் வானத்தை எடுத்தால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு பொட்டு விழுந்தது. மதுரையில் கொடுத்துத் துடைத்து வாங்கினேன்.

பிறகு மேலே இருந்த வட்டத் திருகைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “இந்தா இருக்கு சுழி” என்றார்.

எந்த மாதிரிப் படம் எடுக்கப் போகிறோம் என்பதற்குத் தகுந்தாற்போல் திருப்பி வைக்கும் திருகு அது. ஓடுகிறவனை எடுக்க ஒன்று, முகத்தை எடுக்க ஒன்று, எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடப் பச்சையில் ஒன்று என்று விளக்கினேன். “அப்ப பச்சை ஒண்ணுதான் ராஜசுழி. மத்ததெல்லாம் நீங்க வெலைக்கி வாங்குன வேல” என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தத் திருகுக்குச் சுழி என்றே பெயர். அண்ணன் மகள் கௌசல்யா, “சித்தப்பா, ஓடுற சுழியில வச்சிருக்கீங்க, மாத்துங்க” என்பாள். ஒரு கல்யாண வீட்டில் இதைக் கேட்ட பூசாரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அன்று பொழுது சாயும்வரை சோதனை நடந்தது. தெருவில் போன ஆடுகளுக்கு முருங்கைக் கீரையை வீசிவிட்டு, “இப்ப எடுங்க” என்றார். கண்ணை வைத்துப் பார்த்து எடுத்தபோது டக்கென்று பிடித்தது. “கெட்டிக்காரத்தனமா இருக்கு” என்றார். திரையைப் பார்த்துக்கொண்டே வீடியோ எடுத்தபோது லென்ஸ் முன்னே போய்ப் பின்னே வந்து தடுமாறியது. “ஆனா இதுல சாவியத் தொலைச்சவுக மாதிரில்ல தேடுது” என்றார். வெயிலில் திரை தெரியவில்லை என்று முந்தானையைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அடுப்படிக்குள் கூட்டிப்போய் விளக்குப் போடாமல் ஒரு படம் எடுக்கச் சொன்னார். வெளிச்சம் பற்றாத இடத்தில் அந்தக் கேமராவுக்குப் படம் பொரிப்பொரியாக விழும். “ரவையத் தூவுன மாதிரி இருக்கு கொழுந்தனாரே. மண்டபத்துல கரண்ட் போச்சுன்னா நீங்களும் சாப்புட உக்காந்துர வேண்டியதுதான்.” பேட்டரியைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை, திருவிழா முடிகிறவரை தாங்கும் என்று ஒத்துக்கொண்டார். ஷட்டர் சத்தம் பிடித்திருந்தது, ஆனால் தூங்குகிற பிள்ளையை எடுக்க முடியாது என்றார். நான் வாரக்கணக்கில் படித்த எந்த விமரிசனத்திலும் தூங்குகிற பிள்ளை வரவில்லை.

கடைசியாக அவரையே முருங்கை மரத்தடியில் நிறுத்தினேன். “இருங்க, நான் இன்னும் பேசி முடிக்கல. ஆனா...” என்று அவர் வாயைத் திறக்கும்போது அமுக்கிவிட்டேன். சாயங்கால வெளிச்சத்தில் தோலின் நிறம் அப்படியே வந்திருந்தது. நடுத்தரக் கேமராதான், ஆனால் பகல் வெளிச்சத்தில் மனித முகத்தை அது காட்டும் விதத்துக்கு நான் அன்றே அடிமையாகிவிட்டேன். காதோர நரை, கன்னத்தில் எண்ணெய் தெறித்த தழும்பு, பாதி திறந்த வாய், எல்லாம் இருந்தது. மதினி வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு. ஆனா இதுக்கு மறைக்கத் தெரியல. உள்ளத உள்ளபடி காட்டுது. இதுதான் இதுக்குப் பெரிய சுழி.”

“அது குறை இல்ல மதினி, அதுதான் நிறையே.”

“எடுக்குற ஒங்களுக்கு நிறை. படத்துல நிக்கிறவுகளுக்கு? நாலு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்து சொல்லுங்க.”

போய்வந்தேன், நான் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. பருவை எடுங்கள், கறுப்பை எடுங்கள் என்று பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் என்னைப் படுத்திய பாடு அவருக்கே தெரிந்திருந்தது. மதினி போய் மூன்று வருஷமாகிறது. முருங்கை மரத்தடியில் எடுத்த அந்தப் படம்தான் இப்போது அண்ணன் வீட்டுச் சுவரில் மாலையோடு இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு ஏதோ பாதியில் எடுத்த படம்போலத் தோன்றும். எங்களுக்கு அதுதான் முழுப் படம்.

இப்படி ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் சுழி சொன்னவர், ஒன்றைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை. அது அவர் மகள் கௌசியின் நெற்றியில் இருந்தது. முடி தொடங்கும் இடத்தில், அக்கம்பக்கமாக இரண்டு சுழி. ஆண்பிள்ளைக்கு உச்சந்தலையில் ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு பொண்டாட்டி என்று கேலி பண்ணிவிட்டு விட்டுவிடுவார்கள். பெண்பிள்ளைக்கு நெற்றியில் இருந்தால் கேலியோடு விடுவதில்லை. போகிற வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. மதினி மகளுக்குத் தலை சீவும்போது எண்ணெயை அள்ளி வைத்து அந்த இடத்தை அழுத்தி அழுத்திப் படிய வைப்பார். அப்போது மட்டும் அவர் பேச்சு நின்றிருக்கும்.

கௌசி படிப்பை முடித்து ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். இரண்டு பேரும் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சத்தமில்லாமல் இருந்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டார் மட்டும், “பொண்ணு நெத்தி சரியில்லையாம்ல” என்று வேறு யாரிடமோ சொல்லி, அது தெருத்தெருவாக நடந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் அன்று தறியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். மதினி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவதாகத் திருச்சுழியிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை அங்கே உரக்கடை வைத்திருந்தார். அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமாவும்தான். நல்ல குடும்பம், அண்ணனுக்கு எப்படியாவது இது முடிந்துவிட வேண்டும் என்று இருந்தது. நேரில் வருவதற்கு முன் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். கௌசியின் சிநேகிதி போனில் எடுத்துப் பார்த்தாள். இப்போதைய போன்கள் நாம் கேட்காமலே முகத்தை வழித்துத் துடைத்து வெள்ளையடித்துவிடுகின்றன. நெற்றி எவர்சில்வர் தட்டுபோலப் பளபளத்தது.

“இது யாரு சித்தப்பா? இவளுக்கே மாப்பிள்ளை பாத்துருங்க” என்றாள் கௌசி. “நீங்க ஒங்க காமிராவுல எடுங்க.”

மொட்டை மாடியில் காலை வெயில் ஏறும் முன் எடுத்தேன். நான் எடுத்த நல்ல படங்களில் அது ஒன்று. அவள் சிரித்த சிரிப்பு கண்ணுக்குள் வரைக்கும் போயிருந்தது. காற்றில் முடி பறந்து நெற்றி தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு முடியும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. கேமரா தன் வேலையைச் செய்துவிட்டது.

படத்தை லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தபோது மதினி மாடிக்கு வந்தார். பின்னால் நின்று பார்த்தார். என்னை எப்போதும் கொழுந்தனாரே என்று இழுத்துக் கூப்பிடுகிறவர், அன்று வேறுமாதிரிக் கூப்பிட்டார்.

“தம்பி.”

நான் திரும்பினேன்.

“அத எடுத்துர முடியுமா?”

எதை என்று நான் கேட்கவில்லை. மண்டப வாசலில் நின்று எத்தனையோ பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு செய்து கொடுத்திருக்கிறேன். லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். பக்கத்து முடியை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிச் சரிசெய்தேன். சிறிய வேலைதான். சுழி போய்விட்டது. மதினி குனிந்து பார்த்தார்.

“நல்லாருக்கு” என்றார்.

நான் காத்திருந்தேன். ஒரு மூச்சு போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அவர் படியிறங்கிப் போய்விட்டார். கௌசி வந்து பார்த்துவிட்டு, “ரெண்டையுமா எடுத்துட்டீங்க? ஒண்ணையாவது விட்டிருக்கலாம்ல சித்தப்பா” என்று சிரித்தாள். அண்ணன் படத்தைத் திருச்சுழிக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு எங்கள் வீடாக இல்லை. மதினி எதிலும் குறை கண்டுபிடிக்கவில்லை. குழம்பில் உப்புக் கரித்தது, பேசாமல் சாப்பிட்டார். சரசக்கா புது மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார், “நல்லாருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். சரசக்கா பயந்துபோய் என்னிடம் வந்து, “ஒங்க மதினிக்கு ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?” என்று கேட்டார்.

திருச்சுழிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வாட்டசாட்டமாக இருந்தார். அண்ணன் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, மரியாதைக்கு, “இந்த வருசம் யூரியா வரத்து எப்படிங்க?” என்று கேட்டார். மாப்பிள்ளை மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் இன்னொரு தடவை கேட்டார். பதில் இல்லை. கொஞ்சம் தலைக்கனம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். காப்பித் தட்டோடு வந்த மதினி ஒரு விநாடி நின்றார். பிறகு வலது பக்கமாகச் சுற்றிப்போய் டம்ளரைக் கொடுத்து, “சீனி போதுமா தம்பி?” என்று கேட்டார். “போதும்த்தை” என்று உடனே பதில் வந்தது.

கௌசி நெற்றி மூட முடியைச் சீவிக்கொண்டு வந்து நின்றுவிட்டுப் போனாள். மாப்பிள்ளையின் அம்மா தாய்மாமாவைப் பார்த்தார், அவர் தலையசைத்தார்.

“எங்களுக்கு மனசுக்குப் பிடிச்சிருக்குக்கா. போட்டோவுல பாத்தத விட நேர்ல லட்சணமா இருக்கா பிள்ள. எங்க பையனப் பத்தித்தான் நீங்க ஒண்ணும் சொல்லல. ஒங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

அண்ணன் முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு வந்திருந்தது. மதினி சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

“பிள்ள நல்லாருக்காக” என்றார்.

அப்புறம் ஒரு மூச்சு விட்டார். அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

“ஆனா போட்டோவுல நாங்க ஒண்ண மறைச்சிட்டோம்.”

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். மதினி என் பக்கம் திரும்பினார். “கொழுந்தனாரே, காமிராவ எடுத்துட்டு வாங்க.”

முதலில் எடுத்த படம் கார்டில் அப்படியே இருந்தது. மதினியே பட்டனை அமுக்கிப் பெரிதாக்கி நெற்றிக்குக் கொண்டுபோனார். வாசல் வெளிச்சத்தில் திரை தெரியவில்லை. முந்தானையை இழுத்து மேலே பிடித்தார். மாப்பிள்ளையின் அம்மா குனிந்து அதற்குள் தலையை நீட்டினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த முந்தானைக்குள்ளேயே இருந்தார்கள்.

“ரெட்டையா?”

“ரெட்டைதான். பெறந்ததுலருந்து இருக்கு. எங்க வீட்டுல இதுவரைக்கும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஆனா ஒங்ககிட்ட சொல்லாம அனுப்பக் கூடாதுல்ல.”

உள்ளேயிருந்து கௌசி வந்தாள். நெற்றி முடியைக் கையால் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நேர்லயே பாத்துக்கங்க அத்தை. அதுல சின்னதாத் தெரியும்” என்றாள். குரல் நடுங்கவில்லை.

தாய்மாமா முதலில் எழுந்தார். ஊருக்குப் போய்த் தாக்கல் சொல்கிறோம் என்றார்கள். வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்ற அண்ணன், உள்ளே வந்து மதினியைப் பார்த்தார்.

“கைகூடி வந்த காரியம். இந்த ஒரு நாளு மட்டும் அந்த ஆனாவ முழுங்கியிருக்கலாம்ல?”

“முழுங்கித்தான் பாத்தேன். எறங்கல” என்றார் மதினி.

அதோடு அண்ணன் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு வேண்டுமென்றால் கௌசியிடம் கேட்டார். மதினியும் தட்டை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். நான் படம் எடுக்கும் சாக்கில் வெளியே சுற்றிக்கொண்டிருந்தேன். கௌசி ஒருத்திதான், முடியை இழுத்துத் தூக்கிச் சீவிக் கொண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

செவ்வாயோ புதனோ, மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கௌசிதான் ரசம் வைத்திருந்தாள். போன் அடித்தது. மதினி கையில் சோறு இருந்ததால் கௌசி எடுத்து ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

“சம்பந்தி, நான் திருச்சுழியிலருந்து பேசுறேன்.”

முதல் வார்த்தையிலேயே அண்ணன் கை நின்றுவிட்டது. போனில் அந்த அம்மா பேசிக்கொண்டே போனார்.

“எங்கண்ணன் வேண்டாம்னுதான் சொன்னாக. எனக்குத்தான் மனசு கேக்கல. முடிஞ்ச சம்பந்தத்துல நீங்களா கூப்புட்டுக் காட்டுனீங்க. நாங்க ஒண்ணு சொல்லாம வந்துட்டோம். எங்க பையனுக்குச் சின்னதுலருந்து எடது காது கேக்காது. போன எடத்துல எல்லாம் மறைச்சோம். சுழிய நாங்க பாக்கல. நீங்க இதுக்கு ஒத்துக்கிடுவீங்கன்னா சொல்லுங்க.”

“எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார் மதினி.

“எப்படித் தெரியும்?”

“எங்க வீட்டுக்காரரு எடது பக்கம் உக்காந்து யூரியா யூரியான்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. பிள்ள ஃபேனப் பாத்துச்சு. வலது பக்கம் நான் மெதுவாத்தான் சீனி கேட்டேன், சொல்லிட்டாக.”

“பெறகு ஏன் சம்பந்தி அங்க வச்சே சொல்லல?”

“எங்க சுழிய மறைச்சு வச்சுக்கிட்டு ஒங்க சுழிய நான் எப்படிச் சொல்றது?”

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மதினி மகளைப் பார்த்தார். “கட்டிக்கிறவ இங்கதான் இருக்கா. அவ சொல்லட்டும்” என்றார்.

கௌசி போன் பக்கம் குனிந்தாள். “நான் வலது பக்கமே உக்காந்துக்கிறேன் அத்தை” என்றாள். போனுக்குள் அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

கௌசி போனை வைத்தாள். மதினி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரசத்தை ஊற்றி ஒரு வாய் சாப்பிட்டார்.

“ரசம் நல்லாருக்கு” என்றார்.

அந்த ஒரு மூச்சும் போயிற்று, ‘ஆனா’ வரவில்லை. அத்தனை நாளும் அவரிடம் ஒரு சொல் பேசாத அண்ணன், சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“ஆனா? சொல்லு” என்றார்.